புத்தகமா, காணொளியா, தெருமுனையா? வடசென்னையிலிருந்து அறிவியல் எழுத வருகிறவர்களுக்கு

இரண்டு மாதத்துக்கு முன்னால் வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை, மாதம் 18,000 ரூபாய். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "அக்கா, வேலையை விட்டுட்டு முழு நேரமா அறிவியல் எழுதலாம்னு இருக்கேன். புக்கு எழுதவா, யூடியூப் ஆரம்பிக்கவா, இல்ல உங்கள மாதிரி ஸ்கூல் ஸ்கூலா போகவா?"

அன்று அவளோடு இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு வருகிற பிள்ளைகள் இப்போது நிறைய. அறிவியல் படித்திருக்கிறார்கள், தமிழ் நன்றாக வருகிறது, தெருவில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை. எந்த வழியில் போவது என்பதில்தான் குழப்பம்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மூன்று புத்தகம் வந்திருக்கிறது. இரண்டு வருடம் சேனல் நடத்தினேன். பள்ளிக்கூடம், குப்பம், நூலகம் என்று பேசப் போவது இன்றுவரை நிற்கவில்லை. மூன்றையும் செய்து பார்த்ததால் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் தொடங்குங்கள். அங்கிருந்து புத்தகத்துக்குப் போங்கள். காணொளி அதற்கப்புறம் வரட்டும். சம்பளத்தை இப்போதைக்கு விடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் காட்ட, நான் மூன்று வழியிலும் சொல்லிப் பார்த்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அது மணல்.

ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல்

சென்னைக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையில் நேராக மோதாமல் சாய்வாக மோதும்போது, ஒவ்வொரு முறையும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திவிட்டுப் போகிறது. வருடத்தின் பெரும்பகுதி அந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திரும்பித் தெற்கே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களின் நடுவில் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் சுவர் நீண்டதும் இந்த வழி அடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே, ராயபுரம் தொடங்கி, வர வேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்றது. காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் நோக்கிப் போகும்போது வலது கைப் பக்கம் கொட்டிக் கிடக்கிற கருங்கற்கள் எல்லாம் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவைதான். ஒரு குப்பத்தின் முன்னால் கல்லைக் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு நகரும்.

இதை முதலில் காணொளியாகச் செய்தேன். ஏழு நிமிடம். வரைபடம், அம்புக்குறி, பழைய துறைமுகப் படம். பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எழுதினார்கள். தெருவில் நின்று எத்தனை வருடம் பேசினாலும் அந்தத் தூரத்தை நான் எட்டியிருக்க முடியாது. அதை மனசார ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு தடைக்காலத்தில் அதையே ஒரு குப்பத்தில் செய்து காட்டினேன். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்வார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் லீவு. குப்பத்தில் பேசப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மற்ற மாதங்களில் மதியம் போனால் விடிகாலைத் தொழில் முடித்து வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாம் மைக் பிடித்தால் அது தொந்தரவு.

பெரிதாக ஒன்றும் எடுத்துப் போகவில்லை. துணி ஊறவைக்கிற நீள பிளாஸ்டிக் டப், அரை செங்கல், பரீட்சை எழுதுகிற பேடு. கரையிலிருந்தே மணல் அள்ளி டப்பின் ஒரு ஓரம் முழுக்கச் சரிவாகப் போட்டோம். தண்ணீர் ஊற்றினோம். மணலிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி செங்கல்லை வைத்தோம், அதுதான் துறைமுகம். ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் பேடைச் சாய்த்துப் பிடித்து அலை தள்ளினான். ஐம்பது, அறுபது அலை வரை ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். இருநூறு தாண்டும்போது செங்கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் மேடு தட்டியது, அந்தப் பக்கம் கரை உள்வாங்கிக் குழி விழுந்தது. குழியின் ஓரத்தில் ஒரு பெண் குழந்தை வைத்திருந்த சோழி சரிந்து தண்ணீரில் விழுந்தது. "எங்க பாட்டி வீடு இப்படித்தான் போச்சு" என்றாள். அந்தக் குப்பத்தில் முன்வரிசை வீடுகள் கடலுக்குள் போனதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏன் போனது என்பதைக் கையால் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "வாடை அடிக்கிற மாசத்துல தண்ணி திரும்பிடும்மா. மணலும் கொஞ்சம் திரும்பி வரும். உன் டப்புல அது இல்லையே."

அவர் சொன்னது சரி. பருவம் மாறினால் நகர்வு திரும்பும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் எளிமையாகச் சொல்கிறேன் என்று அதை விட்டுவிட்டேன். அதை விட்டால் 'மணல் எப்போதும் வடக்கேதான் போகும்' என்றுதானே கேட்பவருக்குத் தோன்றும்? வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர் வைத்துப் பழகிய மக்களிடம் அப்படிச் சொன்னால், நான் சொல்கிற மற்றதையும் அவர்கள் நம்ப வேண்டிய அவசியமில்லை. அங்கேயே பேடை எதிர்ப் பக்கம் சாய்த்து நாற்பது அலை தள்ளச் சொன்னேன். குழி கொஞ்சம் தூர்ந்தது, முழுக்க இல்லை. தாத்தா தலையாட்டினார். நிகர நகர்வு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று வழிக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை நான் கண்டுகொண்டது இங்கேதான். டப்பில் இருந்த குறையை ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். அப்போது அச்சுக்குப் போகக் காத்திருந்த புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். காணொளி அப்படியே நிற்கிறது. ஏற்றிய காணொளியில் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம், கீழே குறிப்பு எழுதலாம். அதே முகவரியில் திருத்தின காணொளியை மாற்றிவைக்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் பழையதைப் பார்த்தவர்களுக்குத் தெரியப்போவதில்லை. கீழே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதை எத்தனை பேர் படிப்பார்கள்?

காணொளி

காணொளியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதுதான் வழி. அசைவு தேவைப்படுகிற விஷயங்களுக்கு, உதாரணமாக நிலவின் பிறைகள், எஞ்சின் வேலை செய்வது, இதயத்தின் வால்வு, இவற்றுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தொடங்கும் முன் சில விஷயங்களை யோசியுங்கள்.

விளம்பரப் பங்கு வர யூடியூபில் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் வாரத்துக்கு ஒன்றாவது போட்டால்தான் தளம் உங்களை நினைவில் வைத்திருக்கும். வாரத்துக்கு ஒரு அறிவியல் விஷயத்தைப் படித்து, சரிபார்த்து, எழுதி, படம்பிடித்து, வெட்டி ஒட்டுவது தனியாளுக்குப் பெரிய சுமை. முதலில் விட்டுப்போவது சரிபார்ப்புதான். எனக்கும் அப்படித்தான் நடந்தது, நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் அதுவே. எங்கள் பக்கத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இரவு முழுக்க ஓடும். காலர் மைக், கதவிடுக்கில் போர்வை என்று என்ன செய்தாலும் ஒலிப்பதிவில் ஒரு உறுமல் இருக்கும். நூலகத்தில் ஒரு அறை கேட்டு வாங்கிப் பேசினேன்.

தலைப்பின் நெருக்கடி இதைவிடப் பெரிது. காற்றிலுள்ள நுண்துகள் பற்றி ஒரு காணொளி செய்தேன். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. வருடச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டின் 2009-ஆம் வருடத்து வரையறை 40. இந்த இரண்டு எண்ணும் எப்படி வந்தன, நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்வதுதான் அறிவியல் எழுத்தாளரின் வேலை. முகப்புப் படத்தில் அதைச் சொல்ல முடியாது. 'மணலியில் மூச்சுவிட்டால் மரணம்' என்று எழுதினால் சொடுக்குவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிற ஒரு தாய் அந்தத் தலைப்பைப் படிப்பாள் என்பதை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை.

தெருவும் பள்ளியும்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. படகு, வலை, நண்டு, கண்டல் வேர் எல்லாம் கறுப்பு. அது தீருவதற்குள் அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் யார் போய்ப் புத்தகம் தேடுவார்கள்?

அடுத்த சில வாரங்கள் அந்தப் பக்கத்துப் பெண்களிடம் பேசியபோது வந்த கேள்விகள் துல்லியமானவை. "துணியை நனைச்சு மூக்கை மூடுனா போதுமா?" அமோனியா தண்ணீரில் வெகு வேகமாகக் கரையும். அதனால் ஈரத்துணி கொஞ்சம் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், நகர்ந்து போகிற நேரத்துக்கு உதவும். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. "எந்தப் பக்கம் ஓடணும்?" காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக. காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்று எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்ப்பது என அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதில் அவர்கள் நமக்கு வாத்தியார்கள். இதை 40 வினாடிக் குரல் பதிவாக வாட்ஸாப்பில் அனுப்பினோம். அங்கன்வாடியில் வேலை செய்கிற ஒரு அக்கா அதைத் தன் குரலில் மறுபடி பேசி அனுப்பினார். என் பதிவைவிட அவருடையதுதான் அதிகம் சுற்றியது. தெரிந்த குரல் என்பதால் கேட்டார்கள். இந்த வேலையில் தெரிந்த குரலாக ஆவதுதான் பாதி வேலை. அதற்குக் குறுக்கு வழி கிடையாது, வருடக்கணக்கில் போய் வந்துகொண்டிருக்க வேண்டும்.

"மீன் சாப்பிடலாமா?" என்றும் கேட்டார்கள். அந்த மீனை யாராவது பரிசோதித்த முடிவு கையில் இருந்தால் சொல்லலாம். இல்லாதபோது, சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, முடிவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். கோபத்திலும் பயத்திலும் இருக்கிற மக்களிடம் அவர்கள் கேட்க விரும்புவதைச் சொல்லிவிடத் தோன்றும். அது ஒரு முறைதான் நடக்கும். அடுத்த முறை நம்மைக் கேட்க மாட்டார்கள்.

பள்ளிகளுக்கு வருவோம். 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் மூலம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டக் கருத்தாளர்கள் போகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து இருக்கிறது. அதன் சிறுவர் இதழான துளிரில் எழுதத் தொடங்குவது புதியவர்களுக்கு நல்ல பயிற்சி. இரண்டில் எதிலாவது ஒரு வருடம் இருந்து பாருங்கள். பிள்ளைகள் முன்னால் எது எடுபடும், எது எடுபடாது என்பது வேறெங்கும் கற்க முடியாத பாடம்.

ஒரு நாளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 24. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருகிற நாள். மதியம் 12 மணி 7 நிமிடம் வாக்கில் மொட்டை மாடியில் பிளம்பர் பைப் துண்டு ஒன்றை நேராக நிறுத்தினால் வெளியே நிழலே விழாது. ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. ராயபுரத்தில் ஒரு மாடியில் முதன்முதலாகச் செய்தபோது ஒரு பையன் சண்டைக்கு வந்தான். "உச்சி வெயில்ல தினமும் நிழல் காலடியிலதானே மிஸ் இருக்கு?" சரி, நீயே தினமும் குறித்து வா என்று சாக்பீஸ் கொடுத்தேன். ஜூன் வரை குறித்தான். மதிய நிழல் தெற்கே சாய்ந்துகொண்டே போனது. டிசம்பரில் அதே மாடியில் வடக்கே. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதை அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் போட்ட சாக்பீஸ் கோடு சொல்லிக்கொடுத்தது.

கஷ்டம் என்னவென்றால் இதில் எட்டுகிற எண்ணிக்கை குறைவு. ஒரு நாளைக்கு நாற்பது பேர். உடம்பும் தேயும், தொண்டை போகும். மாநகராட்சிப் பள்ளி என்றால் முன் அனுமதி, குப்பம் என்றால் ஊர் நிர்வாகிகளிடம் முதலில் போய்ச் சொல்வது, பெண்கள் வர வேண்டுமென்றால் தண்ணீர் லாரி வராத நேரம் பார்ப்பது என்று பேச்சுக்கு முன்னாலேயே பாதி நாள் போய்விடும்.

புத்தகம்

தெருவில் சேர்ந்த கேள்விகள் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும், அதற்குத்தான் புத்தகம். மணல் கதையில் 150 வருடம் இருக்கிறது. 1881 புயலில் துறைமுகச் சுவர் உடைந்தது இருக்கிறது. அதையெல்லாம் டப்பில் காட்ட முடியாது, ஏழு நிமிடத்திலும் சொல்ல முடியாது. புத்தகத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று அடுத்த பக்கத்தில் நிதானமாக விளக்கலாம். படிக்கிறவர் புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பிப் போய்ப் படிப்பார். பத்து வருடம் கழித்து ஒரு நூலகத்தில் யாரோ ஒரு பிள்ளை எடுப்பாள்.

எழுதுகிறவரையும் அது வளர்க்கும். தமிழில் அறிவியல் எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் சொல் பற்றிய முடிவு ஒன்று எடுத்தாக வேண்டும். ஐசோடோப் என்பதா, ஓரிடத்தான் என்பதா? தூசி என்பதா, நுண்துகள் என்பதா? எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கம் இது: தெருவில் சொல்கிற சொல்லால் தொடங்கி, பாடநூல் சொல்லை ஒரு முறை பக்கத்தில் வைத்துவிடுவேன். பிள்ளைக்குப் பரீட்சையில் அது வேண்டும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954-லிருந்து 1968 வரை 10 தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தை இன்றும் புரட்டுகிறேன். அறிவியல் செய்தி பல இடங்களில் பழையதாகிவிட்டது, ஆனால் வாக்கியம் அமைத்த விதம் பழையதாகவில்லை. கடினமான விஷயத்தைத் தமிழ் எப்படித் தாங்கும் என்பதை அங்கே கற்கலாம்.

பணம் என்று பார்த்தால் புத்தகம் கைகொடுக்காது. வழக்கமான உரிமைத்தொகை 10 சதவீதம். 150 ரூபாய்ப் புத்தகத்துக்கு 15 ரூபாய். 500 பிரதி விற்றால் 7,500. அதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. நூலக ஆணை கிடைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். படங்களும் எண்களும் உள்ள அறிவியல் புத்தகத்துக்கு அந்த அவசரம் ஆகாது, அடுத்த வருடம் வரட்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் முதல் புத்தகத்துக்கு ஒப்பந்தமே இல்லை. இரண்டு வருடம் கணக்கு வரவில்லை, கேட்டபோது புத்தகம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் பதில் வந்தது. எத்தனை அச்சிட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி அமர்வுகளில் பணம் ஓரளவு உண்டு. தனியார் பள்ளிகளில் ஒரு அமர்வுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறேன். அரசுப் பள்ளிகளிலும் குப்பங்களிலும் வாங்குவதில்லை. வீட்டை நடத்துவது மாலையில் நான் எடுக்கிற பிளஸ் டூ வேதியியல் டியூஷன்தான்.

நிறுவன வேலை, அப்புறம் சம்பளம் பற்றி

நான்காவதாக ஒரு வழி உண்டு: அறிவியல் பரப்புவதையே வேலையாகத் தருகிற நிறுவனத்தில் சேர்வது. கிடைத்தால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இடங்கள் வெகு சில. மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் 1989-ல் தொடங்கியது, தமிழிலும் பணி செய்தது, 2023-ல் மூடப்பட்டது. அப்புறம் தூரம். கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கோட்டூர்புரத்தில், கணித அறிவியல் நிறுவனம் தரமணியில், ஐஐடி அதற்குப் பக்கத்தில். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு பயணம் கொஞ்சம் லேசாகியிருக்கிறது. ஆனாலும் கொடுங்கையூர்ப் பிள்ளை ஒரு விண்மீன் காட்சி பார்க்க நகரத்தின் மறு கோடிக்குப் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமான விஷயம். இங்கேயே ஆள் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

சம்பளத்தை விட்டால்தான் முழு மனசோடு எழுத முடியும் என்று அந்தத் தங்கச்சி நினைத்தாள். நம் ஊரில் இந்த வேலையைச் செய்தவர்களைப் பாருங்கள் என்றேன். சிந்தாமணி ரகுநாதாச்சாரி மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளர். 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போவதைச் சாதாரண மக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் கொண்டுவந்தார். தமிழில் அறிவியல் கட்டுரைக்கு வழி போட்ட பெ.நா. அப்புசாமி வழக்கறிஞர். நமக்கு இன்னும் பக்கத்தில் பி.கே. சீனிவாசன். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ராமானுஜன் எழுதிய கடிதங்களையும் அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-ல் நூலாக்கினார். பிள்ளைகளுக்கான கணிதத்தை வாழ்நாள் முழுக்க எழுதினார், செய்து காட்டினார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதற்கும் அவர்தான் காரணம். ராமானுஜனே 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்.

இவர்களுக்கெல்லாம் சம்பளமோ தொழிலோ இருந்தது, அதனால் எழுத்தை எதற்கும் வளைக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கும் அது பொருந்தும். நம் பகுதியில் காற்றையும் தண்ணீரையும் பற்றி எழுதினால் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ பிடிக்காமல் போகும். அடுத்த மாத வாடகை அந்தக் கட்டுரையை நம்பி இருந்தால் கை நடுங்கும். அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். உன் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. வடசென்னையில் கேன் தண்ணீர் வாங்காத தெரு இல்லை. உன் வேலையே உன் பாடம், அதை ஏன் விட்டுவிட்டு வருகிறாய்?

அவள் அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். வேலையை விடவில்லை. தன் தெருவிலேயே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி போட்டு, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் அளந்து காட்டியிருக்கிறாள். கேன் தண்ணீர் 40 காட்டியது, அடிபம்புத் தண்ணீர் 1,300 தாண்டியது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். 40 காட்டியதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. உடனே அவள் அந்தக் கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருக்கிறாள், எண் பல மடங்கு ஏறியது. அடுத்து, இன்னொரு டம்ளர் கேன் தண்ணீரில் தெருவில் விளையாடிவிட்டு வந்த பையனின் அழுக்குக் கையை முக்கி எடுத்து அளந்திருக்கிறாள். எண் கொஞ்சம்தான் ஏறியது, 500-க்குக் கிட்டத்திலேயே வரவில்லை. மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே விளங்கிவிட்டது. "அப்போ கிருமியைக் காட்டுறது எது?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டிருக்கிறார்.

அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, அவள் பரிசோதனைக் கூடத்தில் தினமும் பார்க்கிறது. சோதனை மருந்து போட்ட சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்புள்ள தண்ணீர் கறுத்துவிடும். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் 12 வீட்டுத் தண்ணீரை அப்படிப்பட்ட 12 குப்பியில் ஊற்றி, வீட்டின் பெயரைப் போடாமல் எண் மட்டும் ஒட்டி, எதிர்வீட்டு அம்மாவின் சமையலறை அலமாரியில் வைக்கப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். நானும் போகிறேன்.